தூக்கா, ஆயுளா: செஷன்ஸ் கோர்ட்டில் இல்லாத மூன்றாவது வழி

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாகப் போகும் பழைய காட்டுச் சாலை டாப் ஸ்டேஷன் அருகே கேரளத்துக்குள் இறங்குகிறது. எல்லைக்கு இரு பக்கமும் தமிழ் பேசும் மலைக்கிராமங்கள்தான். ஆனால் 1944-க்குப் பிறகு சில ஆண்டுகள் கொலைக்கு அங்கே ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டம். கிழக்கே பூம்பாறையும் மன்னவனூரும் சென்னை மாகாணத்தில் இருந்தன. அங்கே கொலைக்குத் தூக்கு உண்டு. மேற்கே வட்டவடை, காந்தளூர், மறையூர் எல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானம்; அங்கே கொலைக்குத் தூக்கு 1944-லேயே நீக்கப்பட்டுவிட்டது. நாடு முழுவதும் ஒரே சட்டம் வந்தபோதுதான் அது திரும்பியது. தூக்குத் தண்டனை விவாதங்களில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் திருவிதாங்கூர்க் கணக்கு இது: தூக்கு இல்லாத 1945–50-ல் 962 கொலைகள், தூக்கு திரும்பிய 1950–55-ல் 967.

இதை மட்டும் வைத்து, தூக்கால் பயனே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அந்தப் பத்தாண்டில் எல்லைகள் மாறின, மக்கள்தொகையும் மாறியது. ஆனால் தூக்கை எடுத்தால் கொலை பெருகிவிடும் என்ற அச்சத்துக்கு இந்த எண்களில் இடமில்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-ல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்வதில்லையா என்பதை இவற்றைக் கொண்டு சொல்லவே முடியாது, கொள்கை முடிவுக்கு இவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றது. தூக்கு கொலையைத் தடுக்குமா என்ற அந்த வாதத்தை இரு தரப்பும் ஓரமாக வைப்பதே நேர்மை.

நீலகிரியின் பழைய வரலாறு இதில் வேறொன்றைச் சொல்கிறது. சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர் பழங்குடியினர் இங்கே பலமுறை கூட்டமாகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 1835-ல் மட்டும் 48 பேர். 1900-ல் ஒரு குறும்பர் குடும்பமே கொல்லப்பட்டது. கொலைக்குத் தூக்கு என்பதே அன்றைக்கு வழக்கமான தண்டனை. இருந்தும் சுற்றுவட்டாரம் முழுக்கக் கொலையாளிகள் பக்கம் நின்றதால் போலீஸ் துப்புத் துலக்கத் திணறியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். சட்டப் புத்தகத்தில் எவ்வளவு கடுமையான தண்டனை இருந்தாலும், மாட்ட மாட்டோம் என்று தெரிந்தவனுக்கு அது பொருட்டில்லை.

மலையிலிருந்து தூக்குமேடை வரை

1955 வரை, கொலை வழக்கில் தூக்கு விதிக்காத நீதிபதிதான் காரணம் எழுத வேண்டும். அந்த ஆண்டின் திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாகப் புரட்டியது: ஆயுள் தண்டனைதான் பொது விதி, தூக்கு என்றால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தூக்கு அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்றார்கள். ஆனால் 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டும், அதுவும் வேறு எந்தத் தண்டனையும் போதாது என்று உறுதியானால் மட்டும். நீதிபதி பகவதி ஒருவர் மாறுபட்டார். யாருக்குத் தூக்கு என்பது வழக்கைக் கேட்கும் நீதிபதியைப் பொறுத்து மாறும் என்பது அவர் வாதம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ம் பிரிவும் கொலைக்குப் பழையபடியே மரணம் அல்லது ஆயுள் என்ற இரண்டைத்தான் தருகிறது. சிறப்புக் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 393-ம் பிரிவில் தொடர்கிறது.

கூடலூரில் ஒரு கொலை என்று வைத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கை கூடலூர் மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். குற்றப்பத்திரிகை தாக்கலானதும் வழக்கு உதகை செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஒப்படைக்கப்படும். குற்றம் நிரூபணமானால், தண்டனை பற்றித் தனியாக இரு தரப்பையும் கேட்க வேண்டும். தூக்கு விதிக்கப்பட்டால் கைதி கோவை மத்திய சிறைக்கும், வழக்குக் கட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போகும். கொடைக்கானல் வழக்கு என்றால் திண்டுக்கல் செஷன்ஸ், மதுரை மத்திய சிறை, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கைதி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை அந்தத் தூக்குத் தீர்ப்புக்கு உயிர் இல்லை. குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட வேண்டும். இருவரும் வேறுபட்டால் மூன்றாமவரிடம் போகும். அவர்கள் சாட்சியத்தை முதலிலிருந்து எடைபோடலாம், கூடுதல் சாட்சியம் கேட்கலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம், விடுதலையும் செய்யலாம். அடுத்தது உச்ச நீதிமன்றம். 2014 முதல், தூக்கு வழக்குகளின் சீராய்வு மனுவை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அதுவும் தள்ளுபடியானால் கருணை மனு. சிறைக் கண்காணிப்பாளர் தகவல் சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போட வேண்டும். முதலில் ஆளுநரிடம் போட்டு அவர் நிராகரித்தால், 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம். அவரும் நிராகரித்தால், கைதிக்குத் தகவல் சொல்லி 14 நாள் கழித்துத்தான் தூக்கிலிடலாம். இந்த 14 நாள் 2014-ல் சத்ருகன் சவுகான் வழக்கில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டெல்லியில், நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குரு தூக்கிலிடப்பட்ட பிறகுதான் தகவல் கடிதமே அவர் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பாதை கடைசிப் படி வரை போனது 1995 ஏப்ரல் 27 அன்று, சேலம் மத்திய சிறையில், ஆட்டோ சங்கர் வழக்கில். அதற்குப் பிறகு இங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை. தூக்குத் தீர்ப்புகள் மட்டும் நிற்கவில்லை.

ஆயுள் என்றால் எத்தனை ஆண்டு?

தூக்கு வேண்டும் என்பவர்களின் வாதங்களில் வலுவானது அச்சுறுத்தல் வாதம் அல்ல. 'ஆயுள் தண்டனை என்கிறீர்களே, அவன் எத்தனை வருஷம் உள்ளே இருப்பான்?' என்ற கேள்விதான். தமிழ்நாட்டில் இதைக் கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. சட்டப்படி, தூக்குக்குரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர் 14 ஆண்டு சிறையில் கழிக்காமல் தண்டனைக் குறைப்பால் வெளியே வர முடியாது. ஆனால் அரசியலமைப்பின் 161-ம் பிரிவில் ஆளுநருக்குள்ள அதிகாரத்தை அந்த 14 ஆண்டு கட்டுப்படுத்தாது. 2008-ல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி, ஏழு ஆண்டு முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேர் ஒரே உத்தரவில் விடுதலையானார்கள். 1997-ல் மேலவளவில் பட்டியல் சாதி ஊராட்சித் தலைவரையும் ஐந்து பேரையும் வெட்டிக்கொன்ற வழக்கில் ஆயுள் பெற்ற 13 பேர் 2019 நவம்பரில் வெளியே வந்தார்கள். 2000 பிப்ரவரியில் தர்மபுரி அருகே பேருந்தோடு எரிக்கப்பட்ட மூன்று பேர் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள். அந்த வழக்கில் மூவருக்கு விதித்த தூக்கை உச்ச நீதிமன்றமே 2010-ல் உறுதி செய்து, 2016-ல் சீராய்வில் ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் அவர்கள் விடுதலையானார்கள், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. பறிகொடுத்த குடும்பங்களுக்கு இந்த உத்தரவுகள் என்ன சொல்லின என்பதை தூக்கை எதிர்ப்பவர்கள் கடந்துபோய்விடக் கூடாது.

இந்தக் கேள்விக்கு நீதிமன்றம் ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறது. 2008-ல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், 14 ஆண்டு ஆயுளுக்கும் தூக்குக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது, அதை நாங்களே நிரப்பிக்கொள்ளலாம் என்றது. 20, 25, 30 ஆண்டு என்றோ இயற்கை மரணம் வரை என்றோ தண்டனைக் குறைப்பே இல்லாத சிறை. 2015 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஸ்ரீஹரன் வழக்கில் இதை ஏற்றது. கூடவே ஒரு வரம்பும் போட்டது: இந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே, செஷன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. சாட்சிகளை நேரில் பார்த்த உதகை நீதிபதியின் முன்னால் கொலைக்கு இரண்டே வழிகள். இவன் 25 ஆண்டு வெளியே வரக் கூடாது என்று அவர் நினைத்தால், அதை எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. ஆயுள் என்று எழுதினால் அடுத்த நூற்றாண்டு விழாவில் வெளியே வந்துவிடலாம். ஊர் கொதித்துப் போயிருக்கிறது, தொலைக்காட்சி வாசலில் நிற்கிறது. அவர் தூக்கு என்று எழுதுகிறார்; மேலே இருப்பவர்கள் குறைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கும்.

மலையடிவார நகரான உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையை கேமராப் பதிவில் நாடே பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் ஆறாவது நபரை, அதாவது கொல்லப்பட்டவரின் மனைவியின் தந்தையை, விடுவித்தது. மற்ற ஐவருக்கும் குறைப்பில்லாத 25 ஆண்டு சிறை. திருப்பூர் நீதிபதிக்கே அந்த 25 ஆண்டை எழுதும் அதிகாரம் இருந்திருந்தால், இரண்டரை ஆண்டு நீண்ட தூக்கு நிழல் அந்த ஐவர் மீதும் விழுந்திருக்காது. கொல்லப்பட்ட இளைஞரின் குடும்பத்துக்கும் தண்டனை கீழிறங்குவதைப் பார்க்கும் வேதனை இருந்திருக்காது. 103-ம் பிரிவில் மூன்றாவதாக ஒரு வழியைச் சேர்க்க நாடாளுமன்றம் ஒரு வரி எழுதினால் போதும். 2023-ல் மொத்தச் சட்டத்தையும் மாற்றி எழுதியபோது அந்த வாய்ப்பு கையில் இருந்தது.

மலையில் விசாரணை எங்கே வழுக்குகிறது

தூக்குக்கு எதிரான வாதங்களில் பதில் சொல்லவே முடியாதது, தவறான ஆளைத் தூக்கிலிட்டால் திருத்த முடியாது என்பது. இது கற்பனை அல்ல. மகாராஷ்டிர நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேரின் தூக்கை உச்ச நீதிமன்றமே 2009-ல் வழங்கிய தீர்ப்பில் நிலைநாட்டியது. 2019 மார்ச்சில் அதே நீதிமன்றம், இவர்கள் குற்றவாளிகளே இல்லை என்று ஆறு பேரையும் விடுவித்து, தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதற்குள் 16 ஆண்டு போயிருந்தது. சென்னை முகலிவாக்கத்தில் 2017-ல் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் ஓராண்டிலேயே தூக்கு விதிக்கப்பட்டது. சில மாதத்தில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. வேகமான நீதி என்று பாராட்டும் கிடைத்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, நியாயமான விசாரணை கிடைக்கவில்லை, சாட்சியச் சங்கிலியும் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. அந்த அவசரத்தால் அந்தக் குழந்தைக்கும் நீதி கிடைக்கவில்லை.

மலைப்பகுதிக் கொலை வழக்குகளில் நேரில் பார்த்த சாட்சி அரிது. சோலைக்காடு, தேயிலைத் தோட்டம், ஆள் நடமாட்டமில்லாத கொண்டை ஊசி வளைவு. வழக்கு சந்தர்ப்ப சாட்சியத்தில்தான் நிற்கும். அதில் முதல் கண்ணி பெரும்பாலும் 'இருவரும் கடைசியாக ஒன்றாகப் பார்க்கப்பட்டார்கள்' என்பது. பார்த்த நேரத்துக்கும் சாவு நேரத்துக்கும் இடைவெளி மிகக் குறுகியதாக இருந்தால்தான் இது செல்லும். ஆகவே சாவு நேரம் துல்லியமாக வேண்டும். சமவெளியில் உடல் விறைப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் தொடங்கி, 12 மணி நேர அளவில் உடல் முழுவதும் பரவி, அடுத்த நாளில் தளரத் தொடங்கும் என்பது கைக்கணக்கு. உறைபனி விழும் மாதங்களில் உதகையிலோ அவலாஞ்சியிலோ கிடந்த உடலில் விறைப்பு தாமதமாகத் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும்; அழுகலும் மெதுவாகத்தான் வரும். சமவெளிக் கைக்கணக்கை அப்படியே போட்டால் சாவு நேரம் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில்கூட, பிசகும். அந்தப் பிசகுக்குள் நிரபராதி சிக்கவும் முடியும், குற்றவாளி நழுவவும் முடியும். உடல் கிடந்த இடத்தின் வெப்பநிலை, ஈரம், நிழல், உடுப்பு ஆகியவை பிரேத விசாரணை அறிக்கையில் இருக்கிறதா என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பார்க்க வேண்டும். மழையில் ரத்தக்கறை கரைவதும், காட்டுப்பன்றி உடலைக் கிளறுவதும், காயத்தின் தோற்றமே மாறிப்போவதும் இதோடு சேரும்.

அடுத்தது வாக்குமூலம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதன் மூலம் பொருள் கைப்பற்றப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அதனால் தமிழ்நாட்டு வழக்குகளில் பழகிப்போன ஒரு வழி உண்டு. எதிரி தானாகவே வி.ஏ.ஓ. முன் ஆஜராகி ஒப்புக்கொண்டதாகவும், அவர் எழுதி வாங்கி ஸ்டேஷனில் ஒப்படைத்ததாகவும் காட்டுவார்கள். பொருள் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரிலும் பல வழக்குகளில் அதே வி.ஏ.ஓ.வும் தலையாரியும்தான் கையெழுத்து. முன்பின் தெரியாத அதிகாரியிடம் ஒருவன் ஏன் போய்க் கொலையை ஒப்புக்கொள்வான் என்று உயர் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன. ஒருவரின் உயிர் இந்தத் தாளின் மேல் நிற்கும்போது அந்தக் கேள்வி இன்னும் கனக்கிறது.

மொழியும் ஒரு சிக்கல். கூடலூர், பந்தலூர் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடியினர் சாட்சிக் கூண்டில் சொல்வது முதலில் எழுத்தரின் தமிழாகிறது. அது உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கிலமாகிறது. 'அடித்தான்' என்பதும் 'அடித்தார்கள்' என்பதும் இந்த இரண்டு தாவலில் மாறிவிட்டால், யாருக்குத் தூக்கு என்பதே மாறிவிடும். சாட்சியம் எதிரிக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் கேட்டு முதல் நாளே மனு போட்டுப் பதிவு செய்யாவிட்டால், மேல்முறையீட்டில் அது எடுபடுவது கடினம்.

ஒரே குற்றம், மூன்று முடிவு

தூக்கு நீதிபதியைப் பொறுத்து மாறும் என்று பகவதி சொன்னதற்கு ஹர்பன்ஸ் சிங் வழக்கை விடத் தெளிவான சாட்சி கிடையாது. ஒரே கொலை வழக்கில் மூன்று பேருக்குச் சமமாகத் தூக்கு. ஒருவர் மேல்முறையீடு ஒரு அமர்வின் முன் போய் 1977-ல் ஆயுளாகக் குறைந்தது. இன்னொருவர் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவர் கடைசி நேரத்தில் தடை வாங்கி 1982-ல் தப்பினார். குற்றத்தில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை.

ராஜீவ் கொலை வழக்கில் 1998-ல் 26 பேருக்குத் தூக்கு. 1999-ல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, மூவரின் தண்டனையை ஆயுளாக்கி, நால்வருக்கு மட்டும் தூக்கை நிறுத்தியது. அந்த நால்வரில் ஒருவருக்கு 2000-ல் ஆளுநர் குறைத்தார். மற்ற மூவருக்கு, கருணை மனுவில் முடிவெடுக்க 11 ஆண்டு தாமதம் என்பதால், 2014 பிப்ரவரியில் குறைந்தது. கோவையில் 2010-ல் பள்ளிக்குப் போன அக்காள், தம்பியைக் கடத்திக் கொன்ற வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் தூக்கு என்றார்கள். அதே சாட்சியத்தைப் படித்த மூன்றாமவர், குறைப்பில்லாத ஆயுள் போதும் என்றார். குற்றத்தின் கொடூரத்தில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவன் சாகலாமா என்பதை அந்தக் கடைசி அளவுகோல் தீர்மானிக்கிறது. அந்த அளவுகோல் நீதிபதிக்கு நீதிபதி மாறுகிறது.

டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வில், தூக்குக் கைதிகளில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 2000 முதல் 2014 வரை கீழமை நீதிமன்றங்கள் விதித்த தூக்குகளில் மேல்முறையீட்டைத் தாண்டி நின்றது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு; ஏறக்குறைய முப்பது விழுக்காட்டினர் விடுதலையே ஆகிவிட்டார்கள். இதே கணக்கைத் தூக்கு ஆதரவாளர்கள், பார்த்தீர்களா, மேலே வடிகட்டப்படுகிறதே என்று காட்டுவார்கள். வடிகட்டும் வரை பல ஆண்டு தனி பிளாக்கில் சாவை எதிர்பார்த்து இருந்தவர்களில் பத்தில் ஏறக்குறைய மூவர் அங்கே இருந்திருக்கவே கூடாதவர்கள் என்பதுதான் அதன் பொருள்.

தோட்டப் பகுதிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2019-ல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கடுமையான பாலியல் வன்கொடுமைக்குத் தூக்கு சேர்க்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களில் குற்றவாளி சித்தப்பாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கும்போது, புகார் கொடுத்தால் அவன் தூக்கில் தொங்குவான் என்று வீட்டுப் பெரியவர்களே குழந்தையின் வாயை அடைக்கும் ஆபத்து இருக்கிறது. கொன்றாலும் தூக்கு, விட்டாலும் தூக்கு என்றால் சாட்சியை உயிரோடு விடக் காரணம் குறைகிறது. குழந்தைகளைக் காக்கவென்று எழுதிய பிரிவில் இந்த இரண்டு ஓட்டைகளும் இருக்கின்றன.

தண்டனை விசாரணைக்கு என்ன வேண்டும்

சட்டம் மாறும் வரை, உதகையிலும் திண்டுக்கல்லிலும் வழக்கு நடத்துபவர்கள் கையில் உள்ள கருவிகள் இரண்டு தீர்ப்புகள். 2019-ல் அனோகிலால் வழக்கு: தூக்கோ ஆயுளோ வரக்கூடிய வழக்கில் இலவச சட்ட உதவி வக்கீலுக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் வேண்டும், தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும். 2022-ல் மனோஜ் வழக்கு: எதிரியின் வயது, வளர்ந்த குடும்பம், பட்ட வன்முறை அல்லது புறக்கணிப்பு, படிப்பு, வருமானம், வேலை, முந்தைய குற்றம், மனநலம் ஆகிய விவரங்களை அரசுத் தரப்பே விசாரணைக் கட்டத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் சிறை நடத்தை அறிக்கையும் மனநல மதிப்பீடும் இல்லாமல் தூக்கு விதிக்கக் கூடாது.

நடைமுறையில் தண்டனை விசாரணை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது: காலையில் குற்றவாளி என்று தீர்ப்பு, மதியம் 'ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்ற கேள்வி, மாலையில் தண்டனை. கைதி, வயதான தாய் இருக்கிறார் என்று சொல்வார். தீர்ப்பில் அது ஒரு வரி. இந்த அவசரத்தைப் பற்றி 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே தானாக வழக்கு எடுத்து ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அந்த அமர்வு முடிவு சொல்லும் வரை, தீர்ப்பு நாளுக்குப் பிறகு அவகாசம் கேட்டு எழுத்தில் மனு போட வேண்டும். தோட்ட மருத்துவமனைப் பதிவேடு, பள்ளி இடைநின்ற சான்று, லயனில் உடன் வளர்ந்தவர்களின் உறுதிமொழி, சிறை மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை அந்த நாட்களிலேயே திரட்டிக் கட்டில் சேர்த்துவிட வேண்டும். 25 ஆண்டு என்று எழுதும் அதிகாரமுள்ள நீதிபதிகள் சென்னையிலும் மதுரையிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சேருவது இந்தக் கட்டு மட்டுமே.